எந்தக் கடிதத்துக்குச் சரி சொல்வது?

வெளிநாடுகளில் பல கல்லூரிகளிடமிருந்து அனுமதிக் கடிதங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் வரும். பிள்ளையும் பெற்றோரும் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்து ஒன்றைத் தெரிவுசெய்வார்கள். நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. பல்கலைக்கழக அனுமதி ஏதோ ஒரு மாதத்தில் தெரியவரும். கல்வியியற் கல்லூரியின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் அதற்கு முன்னும் வரலாம், வெகு காலம் கழித்தும் வரலாம். தாதியர் பயிற்சிக்கான வர்த்தமானி அறிவித்தல் அடுத்த வருடத்துக்குக்கூடத் தள்ளிப்போகும். இதற்கிடையில் கண்டியிலோ கொழும்பிலோ உள்ள தனியார் நிறுவனம் ஒன்று வாரம் தவறாமல் போன் எடுத்துக்கொண்டிருக்கும். வந்ததைப் பிடித்துக்கொள்வதா, வராததற்குக் காத்திருப்பதா என்பதே இங்குள்ள கேள்வி. இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்காக.

முதலில் ஒரு விசயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். அரச பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை நீங்கள் தெரிவுசெய்யும் நாள், விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்பும் நாள்தான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு மாணவருக்கு நாலைந்து இடங்களைக் கொடுத்து, பிடித்ததை எடுத்துக்கொள் என்று சொல்வதில்லை. நீங்கள் கொடுத்த வரிசையில், உங்கள் இசட் புள்ளிக்கு எட்டும் மிக உயர்ந்த விருப்பம் எதுவோ அந்த ஒன்று மட்டுமே வரும். 2001 முதல் இசட் புள்ளியே அளவுகோல். கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு குறியீடு உண்டு. ஆணைக்குழுவின் கைநூலில் அதை யூனிகோட் என்பார்கள். அந்தக் குறியீடுகளின் வரிசை உங்கள் மனதின் உண்மையான வரிசையாக இருக்க வேண்டும்.

இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். "அது எப்படியும் கிடைக்காது, கிடைக்கிறதை முதலில் போடு" என்று கொமியுனிகேசன் கடையில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர் சொல்வார். பிள்ளையும் தலையாட்டும். இது முழுத் தவறு. கிடைக்காத ஒன்றை முதலாவதாகப் போட்டால் இரண்டாவது விருப்பம் பறிபோய்விடாது. உங்கள் புள்ளி எட்டாவிட்டால் அடுத்ததற்குப் போவார்கள், அவ்வளவுதான். ஆனால் கிடைக்கக்கூடியதை முதலில் போட்டுவிட்டால், அதைவிட நீங்கள் விரும்பியதற்குப் புள்ளி போதுமாக இருந்தாலும் அது உங்களுக்கு வராது. எட்டே எட்டுக் குறியீடு போட்டு நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. போனால் மனம் ஒப்பிப் படிப்பேன் என்று தோன்றும் எல்லாவற்றையும் போடுங்கள். போகவே மாட்டேன் என்பதைப் போடாதீர்கள், ஏனென்றால் அதுவே வந்து சேரும்.

மாவட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதம் வரையான இடங்கள் அகில இலங்கைத் தகுதிக்கும், 55 சதவீதம் வரை சனத்தொகைக்கேற்ப 25 மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் வரை கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா அந்த 16இல் ஒன்று. ஆகவே கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் தளர வேண்டாம். கடந்த வருடங்களில் நுவரெலியா மாவட்டத்துக்கு விழுந்த வெட்டுப்புள்ளியைத் தேடி எடுத்து அதோடு ஒப்பிடுங்கள். உயர்தரத்துக்காகக் கண்டிக்கோ கொழும்புக்கோ போய்ப் படித்தவர்கள் கவனிக்க வேண்டும்: உங்கள் மாவட்டம் எது என்பதை வீட்டு முகவரியை வைத்து நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். எந்தப் பாடசாலையில் எத்தனை வருடம் படித்தீர்கள் என்பதை வைத்து ஆணைக்குழு முடிவுசெய்கிறது. கைநூலில் அந்தப் பகுதியை வரிவிடாமல் வாசியுங்கள். இந்த ஒதுக்கீட்டால் வந்த இடம் என்று யாராவது பின்னால் குத்திப் பேசினால் தலைகுனியவும் வேண்டாம். 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வர அதற்குப் பிறகு முப்பது வருடம் ஆனது. அந்த முப்பது வருடக் கடனில் ஒரு சிறு பகுதி திரும்பி வருகிறது.

கடிதம் வந்து சேர்வதே நம் ஊரில் ஒரு வேலை. பல தோட்டங்களில் லயத்து வீட்டுக்குத் தனி இலக்கமோ தனி முகவரியோ இன்றும் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். அங்கிருந்து யாராவது எடுத்து, டிவிசனுக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து, அவர் பிரட்டுக்களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். நேர்முகப் பரீட்சை முடிந்த மறுவாரம் கடிதம் கையில் கிடைத்த கதை அநேகமாக எல்லாத் தோட்டங்களிலும் இருக்கிறது. பல்கலைக்கழகப் பதிவு இப்போது இணையத்தில் நடக்கிறது என்றாலும், தபாலில் வரும் கடிதங்கள் இன்னும் உண்டு. எனவே விண்ணப்பம் போடும்போது ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று பக்கத்து டவுனில் கடை வைத்திருக்கும் உறவினர் அல்லது நம்பிக்கையான ஒருவரின் முகவரியைக் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை அவரிடம் கேளுங்கள். போன் இலக்கத்தை மாற்றாதீர்கள். சிம் தொலைந்தால் அதே இலக்கத்தை மறுபடி எடுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதிகள் நாலைந்தைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருப்பது நம் ஆட்களிடம் சர்வசாதாரணம். அதைத் திருத்தப் பதிவு வாரம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

இனி, இந்த மாவட்டத்தில் அதிகமான வீடுகளில் நடக்கிற வாக்குவாதத்துக்கு வருவோம்: கல்வியியற் கல்லூரியா, கெம்பஸா?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகள் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு. கிழக்குப் பல்கலைக்கழகத்துக் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்கும் நேர்முகப் பரீட்சையில் தேறியிருக்கிறாள். அம்மா கொழுந்தெடுக்கிறார். அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார். அம்மாவின் பேச்சு இப்படி இருக்கும்: "பொம்பளப் புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு நாங்க எப்புடி நிம்மதியா இருக்கிறது? பத்தனைன்னா ஒரு பஸ்ல போயி பாத்துட்டு வந்துறலாம். மூணு வருசத்துல டீச்சரு." மாமா வேறு மாதிரிச் சொல்வார்: "கெம்பஸ் போன புள்ளன்னு சொன்னாத்தான் மதிப்பு." இரண்டுமே அவளைப் பற்றிய பேச்சு இல்லை. ஒன்று பயத்தைப் பற்றியது, மற்றது பெருமையைப் பற்றியது.

அவளைப் பற்றிப் பேசுவதென்றால் இப்படித்தான் பேச வேண்டும். கல்வியியற் கல்லூரி மூன்று வருடம்: இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. மாதக் கொடுப்பனவு உண்டு, தங்குமிடம் உண்டு, முடித்ததும் இலங்கை ஆசிரியர் சேவையில் நியமனம். பட்டம் பிறகு வேண்டுமென்றால், வேலையில் இருந்துகொண்டே தேசிய கல்வி நிறுவகத்திலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டி நிலையம் பொல்கொல்லவில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் சிறப்புப் பட்டமென்றால் நான்கு வருடம். முடித்த அன்று வேலை என்ற உத்தரவாதம் இல்லை. பட்டதாரிகள் நியமனம் கேட்டு வீதியில் இறங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பெரும் பகுதியினர் கலைப்பட்டதாரிகள். மறுபக்கம், பல்கலைக்கழகம் கொடுப்பவை கல்வியியற் கல்லூரியில் கிடைக்காதவை: பல மாவட்டத்துப் பிள்ளைகளோடு பழக்கம், ஆய்வுக்கான வழி, நிர்வாக சேவை போன்ற போட்டிப் பரீட்சைகளுக்குப் பட்டம் என்ற அடிப்படைத் தகுதி, ஆசிரியத் தொழிலுக்கு வெளியே ஓர் உலகம்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆசிரியராக வேண்டும் என்ற ஆசை உண்மையிலேயே இருந்து, பல்கலைக்கழகத்தில் கிடைத்திருப்பது எந்த இலக்கும் இல்லாத பொதுக் கலைப்பட்டம் என்றால், பத்தனைக்குப் போவது தாழ்ந்த முடிவே இல்லை. தோட்டப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், ஆரம்பக் கல்வி ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டியிருக்கிறார்கள். ஜெர்மன் அரசின் உதவியோடு அந்தக் கல்லூரி அங்கே எழுந்ததும் இந்தத் தேவைக்காகத்தான். ஆனால் மருத்துவம், பொறியியல், விவசாயம், விஞ்ஞானம், சட்டம், முகாமைத்துவம் போன்ற ஒன்று கிடைத்த பிள்ளை, வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகவும் சம்பளம் சீக்கிரம் வரும் என்பதற்காகவும் மட்டும் அதை விட்டுவிடக் கூடாது. அங்கே வீடு எவ்வளவு கஷ்டப்பட்டாலும் கெம்பஸ்தான். கலைப்பீடத்திலும், தமிழ், புவியியல், பொருளியல், சமூகவியல் என்று ஒரு துறையில் சிறப்புப் பட்டம் செய்வேன் என்ற உறுதி இருக்கிற பிள்ளைக்கும் இதே பதில்தான்.

இரண்டிலும் பதிந்து வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு அரச நிறுவனங்களில் ஒரே காலத்தில் முழுநேர மாணவராக இருக்க முடியாது. கல்வியியற் கல்லூரியில் சேரும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டியது என்ன என்பதை வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். பல்கலைக்கழகத்தில் பதிந்தவர் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிப்பதற்கும் கடுமையான தடைகள் உண்டு. உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம் என்ற கணக்கு பதிவதற்கு முன்பு போட வேண்டிய கணக்கு.

பல்கலைக்கழகங்களுக்கு இடையில் வரிசை போடும்போது பெயரைப் பார்த்துப் போடாதீர்கள். நுவரெலியா மாவட்டத்தில் அரச பல்கலைக்கழக வளாகம் இல்லை, ஆகவே எப்படியும் வீட்டை விட்டுப் போக வேண்டும். பேராதனை பக்கம், ஹட்டனிலிருந்து போகிற கண்டி பஸ்சும் நுவரெலியாவிலிருந்து போகிற கண்டி பஸ்சும் அதைக் கடந்தே போகின்றன. வீட்டில் ஒரு சாவு, ஒரு நோய் என்றால் அன்றே வந்து சேரலாம். அங்கே சிங்களம் பேசவும் பழகிவிடுவீர்கள், இந்த நாட்டில் வேலை செய்வதற்கு அது பெரிய பலம். யாழ்ப்பாணமும், கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையும், ஒலுவிலும் தூரம், வெக்கை. ஆனால் கலைப்பீடத்தில் தமிழ் மொழிமூலம் படிக்கலாம், தமிழில் யோசித்துத் தமிழில் எழுதலாம். பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தைப் பலர் கவனிப்பதில்லை. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே அங்கே ஒரு பட்டம் இருக்கிறது. நான்கைந்து தலைமுறையாகக் கொழுந்தெடுத்தும் கவ்வாத்து வெட்டியும் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை தேயிலைத் தொழிற்சாலையின் மேசைப்பக்கம் போவதை நான் மிகவும் விரும்புகிறேன். விஞ்ஞானம், தொழில்நுட்பம், மருத்துவம் எங்கே படித்தாலும் ஆங்கிலத்தில்தான். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை கிடைக்கும் நீண்ட மாதங்களைக் கடையில் நின்று கழிக்க வேண்டியிருந்தாலும், மாலையில் ஒரு மணித்தியாலம் ஆங்கிலத்துக்கு ஒதுக்குங்கள். அழகியற் கற்கைகள் போன்ற சிலவற்றுக்குத் தனி விண்ணப்பமும் செய்முறைப் பரீட்சையும் உண்டு. பொது விண்ணப்பம் போட்டுவிட்டோம் என்று இருந்துவிட்டால் அவை போய்விடும்.

தனியார் பட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பட்டத்தை ஆணைக்குழுவோ கல்வி அமைச்சோ அங்கீகரித்திருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்காமல் நேரடியாக அந்த அலுவலகங்களிடம் கேளுங்கள். அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு 2017 முதல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் ஒன்று நடந்துவருகிறது, அதன் நிபந்தனைகளையும் பாருங்கள். அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைக்கச் சொல்கிற எந்த நிறுவனத்துக்கும் இரண்டு நாள் கழித்தே பதில் சொல்லுங்கள். மூலச் சான்றிதழ்களை மட்டும் பதிவு முடியும் முன் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

பணக்கணக்கை மனதிலேயே போட்டுப் பயப்படாமல் தாளில் எழுதுங்கள். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1350 ரூபா நாட்சம்பளத்தை எடுத்தால், மாதம் 25 பேர் விழுந்தால், அதாவது 25 நாள் வேலை பதிவானால், 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,700 ரூபா போக மிஞ்சுவது 31,050. அதிலும் சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கடைக்கடன் எல்லாம் பிடிபடும். நிறை எடுக்காத நாளில் அரைப்பேர். வறட்சி மாதத்தில் 25 பேர் விழுவதே இல்லை. நாட்சம்பளம் கூடியிருந்தால் அந்தத் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது மறுபக்கம் எழுதுங்கள்: 1981இல் தொடங்கிய மஹாபொல புலமைப்பரிசில் 2025இல் மாதம் 7,500 ரூபாவாக உயர்ந்தது, நிதியுதவிப் பர்சரி 6,500 ரூபாவானது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் வழியாகவும் ஒரு புலமைப்பரிசில் வருகிறது. விடுதிக் கட்டணம் வெளி அறை வாடகையைவிட மிகக் குறைவு. ஆக, நான்கு வருடச் செலவு உங்களை முறிப்பதில்லை. முதல் மூன்று நான்கு மாதங்கள்தான் கடினம், ஏனென்றால் மஹாபொல உடனே வராது, மெத்தை முதல் பஸ் செலவு வரை எல்லாம் கைக்காசில்தான். அந்த மூன்று நான்கு மாதத்துக்கு மட்டும் வழி தேடினால் போதும் என்று அம்மாவுக்குத் தாளைக் காட்டுங்கள். "நாலு வருசம் எப்படிச் சமாளிக்கிறது" என்ற கேள்வி அப்போதே சிறியதாகிவிடும்.

மகளைத் தூரத்துக்கு அனுப்பும் பயம் வாதாடித் தீர்வதில்லை. அப்பாவோ அம்மாவோ ஒரு தடவை கூடவே போய், விடுதியையும் பொறுப்பாசிரியரையும் பார்த்து, அங்கே படிக்கிற நம் மாவட்டத்துப் பிள்ளை ஒருத்தியோடு பேசிவிட்டு வந்தால்தான் தீரும். பதிவு நாளுக்கே அப்படிப் போகலாம். போகும் பஸ், மாறும் இடம், கடைசி பஸ்சின் நேரம் எல்லாவற்றையும் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள். பகிடிவதையைப் பற்றியும் வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள். அது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். தோட்டத்துப் பிள்ளை என்று இழித்துக் கூப்பிடுவதையும் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை, பீடத்தில் முறையிடலாம். யாரிடம் முறையிடுவது என்று முதல் வாரத்திலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்கும் நாளில் மூன்று பேரிடம் மட்டும் கேளுங்கள்: அந்தக் கற்கைநெறியில் இப்போது படிக்கிற ஒருவர், அதை முடித்து வேலையில் இருக்கிற ஒருவர், உங்களை நன்றாகத் தெரிந்த ஓர் ஆசிரியர். லயத்தில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். அவர்களது அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆலோசனையை விட்டுவிடுங்கள்.

பதிந்தாயிற்று. இனித்தான் பலருக்கு மனம் அலைக்கழிகிறது. கூடப் படித்தவன் மொறட்டுவைக்குப் போய்விட்டான், நான் இங்கே. அவளுக்கு நியமனமே வந்துவிட்டது, நான் இன்னும் இரண்டாம் வருடம். வெற்றிடம் நிரப்பும் சுற்றில் வேறு ஏதாவது வருமா என்று முதல் பருவம் முழுவதும் இணையத்தைத் திறந்து பார்த்தபடியே இருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருப்பவர் விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்தும் அங்கே இருப்பதில்லை. முதல் பருவத்தில் பின்தங்கியதை எடுத்துக்கொள்ள இரண்டு வருடம் பிடிக்கும். சிறப்புப் பட்டத்துக்குத் துறை கொடுப்பது அந்த ஆரம்பப் பெறுபேறுகளைப் பார்த்துத்தான். ஆகவே பதிந்த அன்றோடு மற்றக் கதவுகளைச் சாத்துங்கள். வராத இடத்தின் வெட்டுப்புள்ளியை மறுபடி பார்க்க வேண்டாம். வார இறுதி தோறும் வீட்டுக்கு ஓடி வர வேண்டாம். முதல் இரண்டு மாதம் அங்கேயே இருந்து நூலகத்தின் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்குப் போன் எடுக்க ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா மலையிலிருந்து வந்து, குளித்து, அடுப்பு மூட்டிய பிறகு.

ஒரு விரிவுரையாளரிடமாவது உங்கள் பெயரும் ஊரும் தெரிந்திருக்கட்டும். ஊரை மறைக்காதீர்கள். 1960களில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் ஒரு தலைமுறையை உருவாக்கியபோது, நான் தோட்டத்துப் பிள்ளை என்று நிமிர்ந்து சொல்வதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தலைமுறையிலிருந்து வந்த எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் இல்லாவிட்டால், இன்று இந்த மாவட்டத்தில் உயர்தர வகுப்புகளே இத்தனை இருந்திருக்காது.

படித்துப் பார்த்தும் உண்மையிலேயே பொருந்தவில்லை என்று ஒரு வருடம் கழித்துத் தெரிந்தால், அது வேறு விசயம். பாடத்தை மாற்றலாம், பீடாதிபதியைச் சந்தித்துப் பேசலாம், கடைசி வழியாக விலகவும் செய்யலாம். ஆனால் முதல் மாதத்து ஏக்கத்தைப் பொருந்தாமை என்று நினைத்துவிடாதீர்கள். குளிரில் வளர்ந்த உடம்புக்கு வந்தாறுமூலை வெயில் பழகவே ஒரு பருவம் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விருப்ப வரிசையைத் தவறாக நிரப்பி நல்ல இடத்தை இழக்கும் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். சேர்ந்த பிறகு நீங்கள் இந்த வழியைக் கடந்து வந்தவர். ஆணைக்குழு விண்ணப்பம் கோரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வாருங்கள். கைநூலை எடுத்துக்கொண்டு, உயர்தரம் எழுதிய பிள்ளைகளை வாசகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொருவரின் வரிசையையும் அவர்கள் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டு நிரப்பிக்கொடுங்கள்.